இன்டர்கூலர் தண்ணீரில் என்ன கலப்பது?

டர்போ கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: தண்ணீரால் குளிரும் இன்டர்கூலருக்குக் கூலன்ட்டை எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? டர்போ அழுத்தும்போது சூடாகும் காற்றை, எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் பகுதிதான் இன்டர்கூலர். கேட்பவர் மனதில் பெரும்பாலும் ஒரே கணக்குதான் ஓடும். எதை ஊற்றினால் அதிகம் குளிரும்? நான் வேறு முனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த இன்டர்கூலரில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் எங்கே போகும்?

ரேடியேட்டர் ஒழுகினால் வண்டிக்கு அடியில் ஈரம் தெரியும். கூலன்ட் அளவு குறையும், விளக்கு எரியும், ஓரமாக நிறுத்திவிடலாம். இன்டர்கூலர் அப்படியில்லை. அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் டர்போ அழுத்தித் தள்ளும் காற்று. அந்தக் காற்று நேராக சிலிண்டருக்குப் போகிறது. பல புதிய எஞ்சின்களில் இன்டர்கூலரே இன்டேக் மேனிஃபோல்டுக்குள், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுப்புக்குள், உட்கார்ந்திருக்கிறது. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் போதும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்றழுத்தம் அதிகம் என்பதால் கூலன்ட்டுக்குள் குமிழி போகும். எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழ். சூடான கூலன்ட்டின் அழுத்தம் மிஞ்சி நிற்க, அது சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்டில் இறங்கும். திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்த் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் மேலே வரும். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். ஓட்டை சிறியதாக இருந்தால் வெள்ளைப் புகையோடும் மிஸ்ஃபையரோடும் தப்பிக்கலாம்.

அதனால் இந்த வட்டத்தில், அதாவது இன்டர்கூலருக்கும் அதன் ரேடியேட்டருக்கும் இடையே சுற்றும் பாதையில், ஓடும் திரவத்துக்கு முதல் வேலை அலுமினியத்தை அரிக்காமல் காப்பது. குளிர்விப்பது இரண்டாவதுதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கெல்லாம் எளிதாகிவிடும்.

குளிர்ச்சிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அதில்தான் எல்லோருக்கும் ஆசை.

வெளியே 38 டிகிரி வெயில். டர்போ அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறது, கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வரும் காற்று ஏறத்தாழ 135 டிகிரியில் இருக்கும். அதை 55 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி கால் பங்கு அளவுக்குக் கூடுகிறது, அதாவது அதே இடத்தில் அவ்வளவு கூடுதல் ஆக்சிஜன். கூடவே நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) குறையும், இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் தேவை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு இருக்காது. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது கால் கேட்கும் பிக்கப் அங்கிருந்துதான் வருகிறது.

நூறு குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேல் தரும் எஞ்சின் முழு வேகத்தில் நொடிக்குச் சுமார் 100 கிராம் காற்றை இழுக்கும். அந்தக் காற்றை 80 டிகிரி இறக்க 8 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டும். இந்த வட்டத்துக்கென்று இருக்கும் சின்ன எலெக்ட்ரிக் பம்ப் நிமிடத்துக்கு 12 லிட்டர் தள்ளுகிறது என்று கொள்வோம். வெறும் தண்ணீராக இருந்தால் இன்டர்கூலருக்குள் நுழைந்து வெளியேறுவதற்குள் அது 10 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடாகும். கூலன்ட்டின் அடிப்படைத் திரவமான எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 11 டிகிரி. வித்தியாசம் ஒன்றரை டிகிரி!

எனக்கு இந்த எண் முக்கியமாகப் படுகிறது. கிளைக்கால் கலந்தால் குளிர்ச்சி போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் சரி, கூலன்ட் கூடினால் குளிர்ச்சி கூடும் என்று நம்புகிறவர்களும் சரி, இந்த ஒன்றரை டிகிரியைச் சுற்றித்தான் வாதிடுகிறார்கள். பிந்தையவர்களின் நம்பிக்கை அடிப்படையிலேயே தப்பு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கிளைக்காலால் முடியாது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் வெப்பத்தைவிட 50:50 கலவை ஒரு லிட்டர் ஏழில் ஒரு பங்கு குறைவாகவே சுமக்கும். வெப்பத்தைக் கடத்தும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 40 டிகிரியில் அந்தக் கலவை தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் பிசுக்கானது, ஆகவே பம்ப்புக்கும் கூடுதல் வேலை.

இவ்வளவு குறைகள் இருந்தும் முடிவில் சில டிகிரிதான் மாறுகிறது என்றால் அதற்கும் காரணம் உண்டு. வெப்பம் காற்றிலிருந்து தகட்டுக்கும், தகட்டிலிருந்து திரவத்துக்கும் போக வேண்டும். இதில் காற்றுப் பக்கம்தான் பெரிய முட்டுக்கட்டை. திரவப் பக்கத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் காற்றுப் பக்கத்தின் தடை அப்படியே இருக்கும். கொதிநிலையை உயர்த்தும் கூலன்ட் என்று சொல்லி விற்பதும் இந்த வட்டத்துக்குப் பெரிதாகப் பொருந்தாது. எஞ்சின் வட்டம் 90, 100 டிகிரியில் ஓடுகிறது; இன்டர்கூலர் வட்டம் அதைவிடப் பல பத்து டிகிரி கீழே ஓடுகிறது, கொதிக்க வாய்ப்பே இல்லை. ஒரே விதிவிலக்கு, டர்போவின் தண்டைத் தாங்கும் பேரிங் ஹவுசிங்கையும் இதே வட்டம் குளிர்விக்கும் எஞ்சின்கள். அவற்றில் எஞ்சினை அணைத்த பிறகும் பம்ப் கொஞ்ச நேரம் ஓடும். அங்கே கொதிநிலைக்கும் மதிப்பு உண்டு.

சரி, உங்களுடையது எந்த வகைக் கார்?

கம்பெனியிலிருந்தே தண்ணீர் இன்டர்கூலரோடு வந்த காராக இருந்தால் கலவையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே உங்களுக்கு இல்லை. 2013-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ நம் சாலைகளில் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கிய வண்டிகளில் ஒன்று. 1.2 லிட்டர் எஞ்சின், மேனிஃபோல்டுக்குள் இன்டர்கூலர், அதற்கென்று முன்னால் தனி ரேடியேட்டர், தனி எலெக்ட்ரிக் பம்ப். அதே கம்பெனியின் 1.0, 1.5 டிஎஸ்ஐ எஞ்சின்களும் இன்டர்கூலரைத் தண்ணீரால்தான் குளிர்விக்கின்றன. சென்னை ஆலையில் அசெம்பிள் ஆகும் பிஎம்டபிள்யூ எம்340ஐ-யின் ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் இன்டர்கூலர் மேனிஃபோல்டோடு சேர்ந்ததுதான். காற்றால் குளிரும் இன்டர்கூலருக்கு பம்பருக்குப் பின்னாலிருந்து எஞ்சின் வரை நீண்ட குழாய் தேவை. இதில் டர்போவுக்கும் வால்வுக்கும் இடையே தூரம் குறைவு. குழாயில் நிரப்ப வேண்டிய காற்று குறைவு, அதனால் மிதித்தவுடன் பதில் வரும்.

போலோ மாதிரி வண்டிகளில் எஞ்சின் வட்டமும் இன்டர்கூலர் வட்டமும் ஒரே எக்ஸ்பான்ஷன் டேங்கில் சேர்கின்றன. இரண்டும் வேறு வெப்பநிலையில் ஓடினாலும் திரவம் ஒன்றுதான். இன்டர்கூலருக்கு மட்டும் தண்ணீரைக் கூட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எஞ்சினுக்கும் சேர்த்துத்தான் கூட்டுகிறார். ஃபோக்ஸ்வேகன் தன் கையேட்டில் உறைபனியே இல்லாத ஊரிலும் கூலன்ட் 40 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்கிறது. 40 டிகிரி வெயிலில் உறையாமல் காப்பதற்கு என்ன அவசியம் என்று தோன்றும். அந்த 40 சதவீதம் உறைநிலைக்காகச் சொல்லப்பட்டதே இல்லை. அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள் கிளைக்காலோடு ஒரே கேனில் வருகின்றன. கிளைக்காலைக் குறைத்தால் அவையும் குறையும்.

கையேடு சொல்லும் வகையை, கையேடு சொல்லும் விகிதத்தில் ஊற்றுங்கள். கம்பெனி வண்டிக்கு நான் சொல்வது அவ்வளவுதான்.

தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தனி வட்டத்தில்தான் வருகிறது. கோவை நண்பர் ஒருவர் தன் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் டர்போவும் தண்ணீர் இன்டர்கூலரும் சேர்த்துக் கட்டினார். அலுமினிய கோர் (இன்டர்கூலரின் உள்தகடுகள்), முன்னால் ஒரு மெல்லிய ரேடியேட்டர், பழைய ஜெர்மன் காரிலிருந்து கழற்றிய பம்ப், ஒரு சின்ன டேங்க், பித்தளை நிப்பிள்கள், ரப்பர் ஹோஸ். எஞ்சின் கூலன்ட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை, மொத்தம் 5 லிட்டர். வேலை செய்த மூத்த மெக்கானிக்கிடம் என்ன ஊற்றப் போகிறீர்கள் என்று கேட்டோம்.

“கூலன்ட் எல்லாம் ஐஸ் பேயுற ஊருக்குத் தம்பி. நம்மூரு வெயிலுக்கு நல்ல தண்ணி ஊத்துனாப் போதுமுங்க.”

“துரு பிடிக்காதுங்களாண்ணா?”

“அதுக்குத்தான் வருசா வருசம் மாத்தோணும்.”

அவர் சொன்னதில் பாதி சரி என்பதை மரியாதையோடு ஒத்துக்கொள்கிறேன். வெப்பத்தைச் சுமக்கத் தண்ணீரே சிறந்தது. ஆனால் அவர் “நல்ல தண்ணி” என்று காட்டியது ஷெட்டின் போர் தண்ணீரை. நண்பர் வீட்டு ஆர்ஓ மெஷினுக்காக வாங்கிய, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் காரிலேயே இருந்தது. டம்ளரில் பிடித்து முக்கினால் எண் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. பெரிய எஞ்சின்கள் செய்யும் கேட்டர்பில்லர், கூலன்ட்டில் கலக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு இது: கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 340 மில்லிகிராம், கடினத்தன்மை 170, சல்ஃபேட் 100, குளோரைடு 40. கொங்கு மண்ணில் பல போர் தண்ணீர் இந்த வரம்புக்குள் அடங்காது.

குளோரைடுதான் அலுமினியத்துக்குப் பெரிய எதிரி. அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு, அதுதான் அதன் கவசம். குளோரைடு அந்தப் படலத்தை ஒரு புள்ளியில் துளைத்து, அங்கிருந்து உள்ளே குடைந்துகொண்டே போகும். பரப்பு முழுவதும் பளபளவென்று இருக்க, ஒரே இடத்தில் குழி ஆழமாகும். அந்த ஷெட்டில் பழைய கோர் ஒன்றை அறுத்து வைத்திருந்தார்கள். தண்ணீர் ஓடும் பாதைகளின் வாயில், வாட்டர் ஹீட்டர் ராடில் படிவது போன்ற வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தது. அதற்கு அடியில் சாம்பல் நிறத்தில் கடுகளவுக் குழிகள். ஒரு குழியின் பின்பக்கம் டார்ச் அடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. சிலிண்டருக்குத் தண்ணீர் போகும் வழி அதுதான்.

பொருக்கால் இன்னொரு கெடுதலும் உண்டு. இந்தக் கோர்களில் தண்ணீர்ப் பாதைகள் மிகக் குறுகியவை. அரை மில்லிமீட்டர் சுண்ணாம்பு படிந்தாலும் ஓட்டம் குறையும், வெப்பக் கடத்தலும் குறையும். கிளைக்காலைக் குறைத்து மிச்சம்பிடித்த ஒன்றரை டிகிரி அங்கே பல மடங்காகக் கரைந்துபோகும்.

அப்படியென்றால் எந்தத் தண்ணீர்? டிஸ்டில்டு அல்லது டீமினரலைஸ்டு தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் வாட்டர் என்று கேட்டால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேனோடு கிடைக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள், அதே அலமாரியில் பேட்டரி ஆசிட் கேனும் நிற்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம், டிடிஎஸ்ஸும் குறைவு. அவசரத்துக்கு ஊற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஆர்ஓ தண்ணீரும் அப்படியே, அதில் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பிடித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அதை இதற்கு ஊற்ற வேண்டாம். ஏசி காயிலில் படிந்த தூசியும் கிருமியும் அதோடு கரைந்து வரும், காயிலின் செம்பும் துளித்துளியாக வரும். செம்பு அயனி அலுமினியத்தின் மேல் படிந்தால் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும்.

டிஎம் வாட்டரை மட்டும் ஊற்றி விட்டுவிடலாமா என்று நண்பர் கேட்டார். கூடாது. உப்பு இல்லாவிட்டாலும் அதில் ஆக்சிஜன் கரைந்திருக்கும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். அலுமினியம், பித்தளை, சாலிடர் எல்லாம் ஒரே வட்டத்தில் இருக்கும்போது தண்ணீர் வெறுமையாக நீண்ட நாள் இருப்பதில்லை. உலோகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அரிப்புத் தடுப்பான் கட்டாயம் வேண்டும்.

தடுப்பானை வட்டத்துக்குள் கொண்டுவர இரண்டு வழி. ஒன்று, கிளைக்கால் கூலன்ட். மற்றது, கிளைக்கால் இல்லாமல் தடுப்பானை மட்டும் தரும் திரவம். ரெட் லைன் வாட்டர் வெட்டர், மோட்டுல் மோகூல் இரண்டும் இந்த வகையில் பெயர் பெற்றவை. பந்தயக்காரர்கள் இவற்றை விரும்பக் காரணம் உண்டு. கிளைக்கால் தார்ச்சாலையில் சிந்தினால் வழுக்கும், தண்ணீரைப் போலச் சீக்கிரம் காய்ந்தும் போகாது. அதனால் பல பந்தயத் தடங்களும் போட்டிகளும் கிளைக்காலைத் தடை செய்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ வண்டி இறக்கப் போகிறவர்கள் முதலில் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்தத் திரவங்கள் பரப்பு இழுவிசையைக் குறைத்து வெப்பத்தைக் கூடுதலாக உறிஞ்சும் என்று விளம்பரம் சொல்லும். சிலிண்டர் ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வுக்குப் பக்கத்தில், உலோகத்தின் மேல் தண்ணீர் நுண்ணியதாகக் கொதிக்கும் இடங்களில் அது பொருள் உள்ள பேச்சு. கொதிப்பே நடக்காத இன்டர்கூலர் வட்டத்தில் அதனால் பெரிதாக எதுவும் கூடாது. இங்கே அவற்றின் மதிப்பு அரிப்புத் தடுப்பில்தான். அதனால் லேபிள் சொன்ன அளவுக்குக் குறையாமல் ஊற்றி, வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

நண்பரின் வண்டி தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி. அதற்கு நான் சொன்னது கிளைக்கால் கூலன்ட், ஒரு பங்கு கான்சன்ட்ரேட்டுக்கு (தண்ணீர் கலக்காத கூலன்ட்) இரண்டு பங்கு டிஎம் வாட்டர், அதாவது 33 சதவீதம். அந்த விகிதத்தில் தண்ணீரோடு ஒப்பிட்டால் குளிர்ச்சியில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் இழப்பு. தடுப்பான் போதுமான செறிவில் இருக்கும். உறைநிலை மைனஸ் 17 டிகிரி வாக்கில் போய்விடும்.

20 சதவீதம், 10 சதவீதம் என்று இறங்கினால் என்ன என்று கேட்கலாம். குளிர்ச்சிக் கணக்கில் 20 சதவீதக் கலவை அருமையானது, தண்ணீரைவிட நாலைந்து சதவீதம்தான் குறைவாகச் சுமக்கும். ஆனால் தடுப்பான் நீர்த்துவிடும். 10 சதவீதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விகிதம். செறிவாக இருக்கும்போது கிளைக்கால் கிருமியை வளரவிடாது. நன்றாக நீர்த்துப்போனால் அதுவே பாக்டீரியாவுக்கு உணவு. வெதுவெதுப்பான வட்டம், இருட்டு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் டேங்கின் சுவரில் வழுவழுப்பான படலம் வரும், புளித்த வாடை அடிக்கும், பிஎச் இறங்கும். கிளைக்கால் கலப்பதென்றால் கால் பங்குக்கு மேல் கலக்க வேண்டும், இல்லையென்றால் கலக்கவே வேண்டாம், வேறு தடுப்பானோடு போகலாம். கடையில் 1:3 என்று போட்டு விற்கும் டப்பாக்கள் அந்த எல்லையில் நிற்கின்றன. நான் அவற்றை 1:2 ஆகவே கலக்கிறேன்.

தண்ணீரில்லாக் கூலன்ட் என்று ஒன்று விற்கிறார்கள். கிட்டத்தட்ட முழுவதும் கிளைக்கால்கள்தான். துரு பிடிக்காமல் காக்கும், கொதிநிலை மிக உயரம். ஆனால் ஒரு லிட்டர் சுமக்கும் வெப்பம் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, பிசுக்கும் மிக அதிகம். சின்ன எலெக்ட்ரிக் பம்ப்பை வைத்து இதை இன்டர்கூலரில் ஓட்டுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

எந்த கிளைக்கால் கூலன்ட் என்பதில் நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம். ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் இருக்கும். பழைய வகைகளில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சீக்கிரம் படலம் போட்டுக் காக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆர்கானிக் அமில வகைகள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் பல வருடம் உழைக்கும். ஐரோப்பியக் கம்பெனிகள் பாஸ்பேட்டைத் தவிர்த்தன, காரணம் அங்கே பல இடங்களில் தண்ணீர் கடினமானது. பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்தால் வீழ்படிவு. ஜப்பானியர்கள் பம்ப் சீல் தேயும் என்று சிலிக்கேட்டை ஒதுக்கிப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். இந்த வரலாறு நமக்கு நேரடியாகப் பயன்படும். ஜப்பான், கொரியா வகைக் கூலன்ட்டைப் போர் தண்ணீரில் கலந்தால் பொருக்குக்கு நாமே வழி செய்கிறோம். டிஎம் வாட்டரில் கலந்தால் அது அருமையான கூலன்ட். இரண்டு வகைகளை ஒன்றாக ஊற்றி டாப்-அப் செய்வதையும் தவிர்க்க வேண்டும். சில ஜோடிகள் சேர்ந்து கூழாகி, குறுகிய பாதைகளை அடைத்துவிடும்.

கலக்கும்போது கணக்கு தவறும் இடம் ஒன்று உண்டு. வட்டத்தைத் தண்ணீரால் அலசி வடித்தால் முழுவதும் வெளியே வராது. 5 லிட்டர் வட்டத்தில் மூன்றரை லிட்டர் வடிந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கோரிலும் பம்ப்பிலும் தங்கிவிட்டது. அதன் மேல் 1:2 கலவையை ஊற்றினால் 33 சதவீதம் 23 சதவீதமாக இறங்கிவிடும். 5 லிட்டருக்கு வேண்டிய கான்சன்ட்ரேட் 1.65 லிட்டர். அதை முதலில் முழுவதும் ஊற்றி, மீதி இடத்துக்கு 1.85 லிட்டர் டிஎம் வாட்டர் ஊற்ற வேண்டும். கடைசியாக அலசும் தண்ணீரும் டிஎம் வாட்டராகவே இருக்கட்டும். கேனில் ரெடி-டு-யூஸ் என்றிருந்தால் அது ஏற்கெனவே தண்ணீர் கலந்தது. பாதிக்குப் பாதி கலந்ததாக இருந்தால் அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் 33 வரும்.

சரிபார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் போதும், கலவையின் செறிவை ஒரு சொட்டில் காட்டும் சின்னக் கருவி அது. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு தெரியும். எத்திலீன் கிளைக்காலுக்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் அதில் தனித்தனி அளவுகோல் இருக்கிறது, சரியானதைப் படியுங்கள். நண்பரின் டேங்கில் கோடு மைனஸ் 18-ஐ ஒட்டி நின்றது. கருவி கிளைக்காலை மட்டும்தான் சொல்லும். தடுப்பான் எவ்வளவு மிச்சம் என்று அறிய பிஎச் ஸ்ட்ரிப்பும் நிறமும் வாடையும் கொஞ்சம் துணை செய்யும், மற்றபடி காலண்டர்தான் வழி.

ஊட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் புல்வெளி வெள்ளையாகும் அளவுக்கு உறைபனி விழும். வெறும் தண்ணீரும் தடுப்பானும் மட்டும் உள்ள வண்டியை அங்கே இரவு முழுக்கத் திறந்தவெளியில் நிறுத்த வேண்டாம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது 9 சதவீதம் விரியும், மெல்லிய கோர் தாங்காது. 33 சதவீதத்துக்கு அங்கே கவலையே இல்லை. குளிர்காலத்தில் லடாக் போகிறவர்கள் பாதிக்குப் பாதி கலந்துகொள்ள வேண்டும், அது மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும்.

எல்லாம் சரியாகக் கலந்த பிறகும் காற்று சூடாகவே போகிறது என்றால் கலவையை மறுபடி மாற்றாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். டிகிரிகள் ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: காற்றுக்குமிழி, பம்ப், முன் ரேடியேட்டர்.

இந்த வட்டத்தில் காற்றை வெளியேற்றுவது எஞ்சின் வட்டத்தைவிடக் கடினம். பம்ப் சின்னது, தெர்மோஸ்டாட் திறப்பதில்லை, கோர் பல வண்டிகளில் டேங்கைவிட உயரத்தில் இருக்கிறது. காற்று மேலே போய் கோருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சர்வீஸ் சென்டர்களில் வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி வைத்திருப்பது இதற்காகத்தான். நண்பர் வண்டியில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, டேங்க் மிக உயரமான இடமாக இருக்கும்படி செய்து, பம்ப்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து ஓடவிட்டோம். முதலில் டேங்கில் திரும்பி வரும் குழாய் துப்பித் துப்பி விழுந்தது. ஹோஸை அங்கங்கே பிசைந்துவிட்டதும் பெரிய குமிழிகள் வந்தன, பிறகு வெள்ளையாக நுரை, அதன் பிறகுதான் தெளிந்த ஓட்டம். அந்தத் தெளிந்த ஓட்டம் வரும்வரை மூடியைப் போடக்கூடாது.

அதற்கு முன்பும் பின்பும் இன்டேக் காற்றின் வெப்பநிலையை, எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, மொபைலில் பார்த்தோம். முன்பு அவினாசி ரோட்டில் ஒரு மேம்பாலம் ஏறுவதற்குள் எண் சரசரவென்று ஏறும், இறங்க மறுக்கும். பின்பு அதே ஏற்றத்தில் மெதுவாக ஏறி, காலை எடுத்ததும் இறங்கியது. உள்ளே இருந்தது அதே கலவைதான்.

பம்ப் ஓடுகிறதா என்பதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். சிக்னலில் நின்று கிளம்பி, ஒரு கிலோமீட்டர் நன்றாக மிதித்துவிட்டு நிறுத்தி, இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், மின்விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. வருவது கொஞ்சம் கூடுதல் சூடாக இருந்தால் ஓட்டம் இருக்கிறது. ஒன்று கொதித்து மற்றது சில்லென்று இருந்தால் தண்ணீர் நகரவே இல்லை. முன் ரேடியேட்டர் ஏசி கண்டென்சருக்கு முன்னால் இருப்பதால் பூச்சியும் புழுதியும் முதலில் அதில்தான் அடைக்கும். குறைந்த அழுத்தத்தில் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், பிரஷர் வாஷர் ஃபின்களை மடக்கிவிடும்.

வடித்த பழைய கூலன்ட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதே நேரம் கொடிய விஷம். ஷெட் வாசலில் தேங்கிய கூலன்ட்டைத் தெருநாய் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும், பூனைக்கு அதிலும் கொஞ்சம் போதும். தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்தால் வீட்டுக் குழந்தை எடுத்துக் குடிக்கும் ஆபத்து உண்டு. அகலமான தட்டில் வடித்து, பழைய கூலன்ட் கேனிலேயே ஊற்றி, மேலே எழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட்டையும் தனியாக வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். ஆயிலோடு கலக்க வேண்டாம், சாக்கடையிலும் கொட்ட வேண்டாம். தரையில் சிந்தியதை மரத்தூளோ மணலோ போட்டு ஒற்றியெடுத்த பிறகு, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வண்டியைக் கிளப்புங்கள்.